வகை தெரியாதது

செப்டம்பர் கடைசியில் மண்ணைத் தோண்டு.
கிழங்கு எவ்வளவு உயரமோ
அதைப்போல் மூன்று மடங்கு ஆழம்.
கூர்முனை மேலே.
தலைகீழாய் வைத்தாலும் முளைக்கும்,
வழி கண்டுபிடிக்கக் கொஞ்சம் நாளாகும்.

இதையெல்லாம் நான் ஹாக்கிங்குக்குச் சொல்லவில்லை.
அவர்தான் எனக்குச் சொன்னார்,
வேலிக்கு அந்தப் பக்கம் நின்று,
நான் கேட்காமலேயே.

டேமர் ஆற்றின் கார்ன்வால் கரையில்
எங்கள் இரண்டு வீடும் ஒரே சரிவு.
மழை முதலில் என் தோட்டத்தில் இறங்கி
மிச்சத்தை அவருக்கு அனுப்பிவைக்கும்.
அதற்கு அவர் நன்றி சொன்னதில்லை.

அவர் பாத்திகளில் டாஃபடில் ஒவ்வொன்றுக்கும்
தகரத்தில் பொறித்த பெயர் உண்டு.
பிப்ரவரியிலேயே வந்துவிடும் குட்டை வகை,
மிரண்ட குதிரை காதை மடிப்பதுபோல்
இதழ்களைப் பின்னுக்கு மடித்துக்கொண்டு.
பிறகு எக்காளங்கள்,
தெருக்கோடி வரை கூப்பிடும் மஞ்சள்.
ஒரே தண்டில் ஏழெட்டாய்ப் பூப்பது
என் சமையலறைக்குள் வாசனையாய் நுழையும், அனுமதி கேட்காது.
அடுக்கிதழ்க்காரி ஒரு தூறலுக்கே
தலை கனத்து மண்ணில் கவிழ்ந்துவிடுவாள்.
எல்லோரும் போனபின், மே மாதம்,
வெள்ளை இதழும் சிவப்பு விளிம்பிட்ட சின்னக் கண்ணுமாய்
ஒன்று வரும்,
பந்தி முடிந்து வந்த விருந்தாளி மாதிரி,
கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

சண்டை இலையால் வந்தது.
பூ வாடியபின் ஆறு வாரம்
இலையைத் தொடக்கூடாது.
வெயிலைத் தின்று
அடுத்த வருஷத்துப் பூவைக் கிழங்குக்குள்
அது வைத்துக்கொண்டிருக்கும் நேரம்.
ஹாக்கிங்குக்கு ஒழுங்கு வேண்டும்.
இலைகளை மடித்து, ரப்பர் வளையம் போட்டு,
அணிவகுப்பில் நிறுத்தினார்.
என் பக்கம் அவை விழுந்து, பழுத்து,
ஒன்றன்மேல் ஒன்றாய்க் கிடந்தன.
"வெட்கமாயில்லையா, டிரெஸ்ஸா?"
இல்லை என்றேன்.

மூன்றாம் ஏப்ரல்
அவருக்கு இலை வந்தது, பூ வரவில்லை.
இங்கே அதைக் குருடு என்பார்கள்.
முழங்காலிட்டு ஒவ்வொரு கொத்தையும்
விரலால் விலக்கி விலக்கிப் பார்த்தார்.
சிரிப்பு என் வாய்வரை வந்தது.
அங்கேயே நின்றுவிட்டது.

அந்த வாரம்தான்
எங்கள் இருவருக்கும் பொதுவான வேலியில்
முட்செடி வெட்டும்போது அதைக் கண்டேன்.
பாலாடை நிறம், காற்றாடிபோல் முறுக்கிய இதழ்,
முட்டைக்கரு நிறக் கிண்ணம்.
எந்தத் தகரத்திலும் இல்லாத முகம்.

போர்க்காலத்தில் பூ வேண்டாம், உருளைக்கிழங்கு போடு என்றார்களாம்.
வயலிலிருந்து பிடுங்கியதை
வண்டி வண்டியாய் வேலியோரம் கொட்டினார்களாம்.
மூன்று மடங்கு ஆழம் யாரும் அளக்கவில்லை.
கூர்முனை எந்தப் பக்கம் என்று
யாரும் பார்க்கவில்லை.

அறுத்தேன். சாறு பட்டு மணிக்கட்டு தடித்தது.
பால் புட்டியில் தனியாக வைத்தேன்;
அந்தச் சாறு முதல் நாளில்
பக்கத்துப் பூவைச் சாகடிக்கும்.
ஊர் மண்டபத்துக் கண்காட்சியில்
ஸீலா கெஸ்ட்ல் அளவுகோலோடு உட்கார்ந்திருந்தாள்.
"பெயர்?"
"தெரியாது."
"பெயரில்லாததை எந்த மேசையில் வைக்க?"

பின்னால் ஹாக்கிங்,
முதல்முறையாக வெறுங்கையோடு.
"என் வேலியில் பூத்தது" என்றார்.
"நம் வேலி" என்றேன்.
"வேர் என் பக்கம்."
"தலை என் பக்கம் பார்த்தது."
வரிசை நீண்டுகொண்டே போனது.
ஸீலா பெருமூச்சுவிட்டு
சீட்டில் ஒரே சொல் எழுதினாள்: வேலி.

பரிசு இல்லை. தீர்ப்புக்கே எடுக்கவில்லை.
திரும்பும்போது என் வண்டியில்
புட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தார்,
ஒவ்வொரு வளைவிலும் தண்ணீர் சிந்தாமல்.
வீடு தெரியும்போது கேட்டார்:
"ஆறு வாரமா?"
"ஆறு."

ஜூனில் சரிவு முழுக்க இலைகள்
எங்கள் இரண்டு பக்கமும் அலங்கோலமாய்க் கிடந்தன.
என் கதவுத் தாழ்ப்பாளில் ஒரு காகிதப் பை.
உள்ளே முப்பத்தேழு ரப்பர் வளையங்கள்.
பட்டாணிக் கொடிக்கு உதவின.