கருவி எண் ஏழு

எங்கே அறுந்தது என்று முதலில் சொல்வது என் திரை.
கரையிலிருந்து அனுப்பிய ஒளி
இருநூற்றுப் பதினோராவது கிலோமீட்டரில்
முட்டித் திரும்பியிருந்தது.
இருட்டில் இறங்குகிறோம்,
கடைசிப் படி இருக்கும் என்று கால் வைக்கிறோம்,
இல்லை.
அப்படி ஒரு கோடு.

கினியா வளைகுடாவில் நான்கு நாள்
கொக்கியை இழுத்து இழுத்துக் கடலடியைத் துழாவினோம்.
முதல் தடவை சேறு.
அடுத்தது யாரோ தொலைத்த நங்கூரச் சங்கிலி.
மூன்றாம் தடவை ஏறி வந்தது
தோட்டத்துக் குழாய் பருமன்கூட இல்லாத அந்தக் கறுப்பு வடம்.
இரண்டு நாட்டு வங்கிகளும்
ஆஸ்பத்திரிச் சீட்டுகளும்
பாதியில் நின்ற காதல் சண்டைகளும்
அதன் அறுந்த முனையில் சொட்டிக்கொண்டிருந்தன,
வெறும் உப்புத் தண்ணீராக.

ஜுல்மிராவை எழுப்பச் சொன்னார் எவரிஸ்டோ.
அவள் ஏற்கெனவே வாசலில் நின்றாள்,
பாதுகாப்பு உடையின் கைகளை
இரண்டு மடிப்பு மடித்துக் கிளிப் போட்டு.
கம்பெனி தைக்கும் மிகச் சிறிய அளவு
ஒரு நடுத்தர ஆண்பிள்ளை.

மிண்டெலோவில் கைபேசி பழுதுபார்க்கும் பெட்டிக்கடையில் தொடங்கியவள்.
இப்போது அவள் விரலிடுக்கில் கண்ணாடி இழை.
அதன் நடுவே ஒளி நடக்கும் பாதை,
ஒரு தலைமயிரை எட்டாக வகிர்ந்தால் ஒன்று.
இரண்டு முனையையும் நேர் நிறுத்தி
ஒரு மின்பொறி.
அவ்வளவுதான் வேலை,
கப்பல் ஆடாமல் இருந்தால்.

கப்பல் ஆடும்.
மூன்று வருடத்துக்கு முன் ஒரு பேய் அலையில்
பதினாறு தடவை இழை நழுவியது.
பதினேழாவதற்கு முன் அவள் சமையலறைக்குப் போனாள்.
சார்டீன் டப்பா மூடி,
டொமிங்கோஸின் ரப்பர் ஏப்ரனில் ஒரு துண்டு,
அரை மணி நேரம்.
ஆட்டத்தோடு ஆடி, இழையை மட்டும் ஆடவிடாத
ஒரு சின்னக் கவ்வி.
டொமிங்கோஸ் இன்றும் அந்த ஏப்ரனுக்குக் காசு கேட்கிறான்.

மறுவருடக் கையேட்டில்
தொண்ணூற்று நான்காம் பக்கம்: கருவி எண் ஏழு.
பளபளக்கும் எஃகில் வார்த்திருந்தார்கள்.
படத்தில் அதைப் பிடித்திருந்த கைகளில்
ரோமம், பெரிய கைக்கடிகாரம்.
‘கப்பல்தளப் பரிந்துரை’ என்று கீழே.

அந்தப் பரிந்துரைப் படிவத்தை நிரப்பியது நான்.
கண்டுபிடித்தவர் பெயருக்குக் கட்டம் இல்லை.
இல்லையே என்று நான் கேட்கவும் இல்லை.
கப்பலில் அப்போது எனக்கு இரண்டாவது மாதம்,
கேட்டால் யார் இவள் என்பார்களோ என்ற பயம்.
இது என் கணக்கு. அவளுடையது வேறு:
ஒரு சிவப்புப் பேனா எடுத்து
அந்தக் கைகளின் பத்து நகத்துக்கும் சாயம் பூசினாள்.
கப்பலில் இருக்கும் ஆறு பிரதிகளிலும்.
சிரித்துக்கொண்டேதான் பூசினாள்;
ஆறாவதில் தாள் கிழிந்திருந்தது.

இன்று பத்தொன்பது மணி நேரம்.
எட்டு இழை, உறை, எக்ஸ்ரே,
கயிற்றை வெட்ட, வடம் மறுபடி இருட்டுக்குள்.
என் திரையில் கோடு
சமவெளியாய் ஓடியது, கரை வரைக்கும்.

பிறகு மழை மாதிரிக் கடிதங்கள்.
எங்கள் கரை அலுவலகமும் இந்தக் கம்பியில்தான்;
நாலு நாள் தேங்கியவை எல்லாம் ஒன்றாய் விழுந்தன.
அவளுக்கு ஒன்று:
தலைமை இணைப்பாளர் பதவிக்குத் தங்கள் விண்ணப்பம்,
போதிய கடல் அனுபவம் இன்மையால்...
நின்றபடியே வாசித்தாள்.
கையில் இன்னும் ஜெல் பிசுக்கு.

‘இது வந்து சேர நான்தான் வழி போட்டேனா?’
என்றாள்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
‘இழப்பு எவ்வளவு, செனாம்?’
சுழியம் புள்ளி சுழியம் இரண்டு டெசிபல்.
‘எழுது.’
எழுதினேன். இணைத்தவர் பெயர் என்ற இடத்தில்
முழுப் பெயரையும், தகப்பன் பெயர் தாய் பெயர் எல்லாம்,
கட்டம் தாண்டி, அடுத்த வரியில் இருந்த
எவரிஸ்டோவின் கையெழுத்து இடத்திலும் ஏறி.
அவர் பார்த்தார்.
ஓரத்தில் நெருக்கிப் போட்டார் கையெழுத்தை.

கீழே டப்பா திறக்கும் சத்தம்.
‘டொமிங்கோஸ், மூடியை எறியாதே!’ என்று
கத்திக்கொண்டே
படியில் இறங்கி ஓடினாள்.