உறைத்துணி

நூற்றெண்பத்தேழாம் பக்கத்தில்
நிஹால் கௌர் மறுபடியும் ஊசி கோக்கிறாள்.
நான் மொழிபெயர்ப்பை நிறுத்திவிட்டுத்
தேத்தண்ணி போடப் போகிறேன்.

மகள் பிறந்த கிழமை எடுத்த துணி.
செங்காவிக் கதரின் பின்பக்கத்தில்
இழை எண்ணி எண்ணிக் குத்துகிறாள்,
முன்பக்கம் பூக்கிறது.
திருப்பிப் பார்ப்பதில்லை அவள்,
விரலுக்குத் தெரியும் என்கிறது நாவல்.
அறுவடைக்கு முந்தின கோதுமையின் மஞ்சள்
பட்டுநூலாய் ஓடுகிறது.
கண்ணூறு படாமலிருக்க
ஒரு மூலையில் ஒரு பூ மட்டும்
வேண்டுமென்றே நிறம் பிழைத்து.
மகளின் கலியாணத்துக்குள் முடிய வேண்டும்.
பதினெட்டு வருசம்.
புல்காரி.

"பூவேலைச் சால்வை எண்டு போடுங்கோ அக்கா,
அடிக்குறிப்பு வாசிக்க ஆருக்கு நேரம்"
பதிப்பகத்துச் செந்தூரன் தொலைபேசியில்.
யன்னலுக்கு வெளியே
பூட்டின கடைவாசலில்
ஒரு புள்ளிமான் அட்டைப்பெட்டி தின்கிறது.
டச்சுக்குடாப் பக்கமிருந்து
உப்புக்காற்று வந்து தாள்களைப் புரட்டுகிறது,
எந்தப் பக்கத்திலும் அவள்
தைத்துக்கொண்டே இருக்கிறாள்.

எனக்குச் சண்டை சொல்லோடு இல்லை.
கதைக்குள் வரும் தாய்மாருக்கு
ஏன் எப்போதும் கையில் ஒரு ஊசி?
என் அம்மாவுக்குப் பொத்தான் வைக்கத் தெரியாது.
ஊக்குக் குத்தித்தான் பள்ளிக்கு அனுப்பினா.
பிறகு ஊக்குக் குத்தவும் ஆளில்லை.
குவைத்தில், சால்மியாவில்,
நாலு பிள்ளைகள் உள்ள வீடொன்றில்
ஒன்பது வருசம் இருந்தா.

அங்கிருந்து அனுப்பினது
புலிப்படம் போட்ட கம்பளி.
திருகோணமலைக்கு, சித்திரை வெயிலில்.
ஒழுங்கையே சிரித்தது.
ஒரு இரவும் போர்த்தவில்லை,
கடல் ஊருக்குள் வந்த காலையில்
அதுவும் போயிற்று, அலுமாரியோடு.
எனக்கு நினைவில் நிற்பது புலியல்ல,
பொதியைச் சுற்றியிருந்த வெள்ளைத் துணி.
கறுத்த மார்க்கரில் முகவரி
"திருகோணமை" என்றிருந்தது.
நாலு ஓரமும் தடித்த நூல்,
ஒரு தையல் நீளம், ஒரு தையல் கட்டை,
குடித்துவிட்டு நடந்தவன் சுவடு மாதிரி.
கப்பல்காரர் தைத்தது என்றுதான் நினைத்தேன்.
சவர அலகால் ஐந்து நிமிசத்தில்
அத்தனையையும் அறுத்தேன்.
துணியைச் சித்தி
சட்டி இறக்கக் கொண்டு போனா.

இன்றிரவு, பக்கத்து அறையில்
அம்மா நாடகம் முடிந்து
கால்களுக்கு எண்ணெய் தடவுகிறா.
தேத்தண்ணியை வைத்துவிட்டுக் கேட்டேன்.

"நான்தான். கட்டித் தர மூண்டு தினார் கேட்டவன்.
எல்லாரும் படுத்தாப்பிறகு
குளியலறையிலை இருந்து தைச்சனான்.
சாக்கூசி. வெளிச்சமும் காணாது."

அது வடிவாயில்லையே அம்மா என்று
சிரித்துக்கொண்டுதான் சொன்னேன்.

"வடிவுக்கோ தைச்சது?
பிரியக்கூடாதெண்டு தைச்சன்."

எண்ணெய்ப் போத்தலை மூடினா.
மூடி சரியாய் இறுகவில்லை,
திரும்பத் திறந்து மூடினா.

பிறகு, என் கையிலிருந்த தாள்களைக் காட்டி,
"இதிலை என்ன கதை?"

ஒரு பஞ்சாபித் தாய். மகளுக்காகத்
துணி முழுக்கப் பூ தைக்கிறாள்.

"முடிச்சிட்டாளோ?"

இன்னும் இல்லை.

"பிள்ளைக்குப் பிடிச்சதாமோ?"

இருநூற்று நாற்பதாம் பக்கத்தில்
மகள் அதை விற்கிறாள்,
ரயில் சீட்டுக்கு.
வாங்குகிறவன் பின்பக்கத்தைப் புரட்டி
முடிச்சு இருக்கிறதா என்று பார்க்கிறான்,
முடிச்சே இல்லை என்று விலையைக் கூட்டுகிறான்.

பிடிச்சது அம்மா, என்றேன்.

அவ தலையாட்டிவிட்டு விளக்கை அணைத்தா.

நான் மேசைக்கு வந்து
பூவேலைச் சால்வையை வெட்டினேன்.
புல்காரி என்று எழுதினேன்.
அடிக்குறிப்புக்கு விட்டிருந்த இடத்தில்
எதுவும் எழுதவில்லை.
அந்த மான் இன்னும் நிற்கிறது,
வாயில் ஒரு துண்டு அட்டை,
அதில் யாருடையவோ முகவரி.