நிறுவைக்காரி

மல்லாவிச் சங்கக்கடையில
மற்றவைக்குச் சீனி நிறுக்கிறது என்ர வேலை.
தீபாவளிக்கு முதல் கிழமை நாலு மூடை,
நத்தாருக்கு மூண்டு,
பொங்கலுக்கு இன்னும் லொறி வரேல்லை.
கோப்பையை மூடைக்குள்ள இறக்கேக்க
சரசரவெண்டு ஒரு சத்தம்.
காதுக்குள்ளயே இனிக்கும்.

ஆவணியில கொழும்பில
என்ர இரைப்பையைச் சின்னனாக்கினவை.
மிச்சம் விட்டது கதலிப்பழம் அளவு.
நூற்றிப் பதினெட்டுக் கிலோவாய்ப் போனவள்
இப்ப எண்பத்தாறு.
மாமூடை நிறுக்கிற தராசிலதான்
நானும் ஏறுகிறது,
கடை பூட்டின பிறகு,
செருப்பையும் கழட்டிப்போட்டு.

வெட்டினது வயித்தை.
நாக்கை ஒருத்தரும் தொடேல்லை.

தீபாவளியண்டு பரிமளகாந்தி அக்கா
தட்டத்தைத் துணியால மூடிக் கொண்டுவந்தா.
"உனக்கெண்டே சுட்டது.
ஒண்டெடு, ஒண்டும் செய்யாது."
ஒண்டெடுத்தன்.
நல்லெண்ணெய் மணத்த சீனி அரியதரம்,
ஓரம் மொறுமொறு, நடு மெத்தை.
மற்றதை எடுத்தது ஆரெண்டு தெரியாது,
கை என்ர கைதான்.

பத்து நிமிசம் போகேல்லை.
நெஞ்சு லாண்ட்மாஸ்ரர் மாதிரி இடிக்குது,
முதுகு நனைஞ்சு சட்டை ஒட்டுது,
பின்னறை உரப்பையில சரிஞ்சு கிடக்கிறன்.
வேலைக்கு நிக்கிற கேதீசன் ஓடிவந்து
"அம்புலன்சுக்கு அடிக்கட்டோ?" எண்டான்.
"வேண்டாமடா" எண்டன்,
"ரெண்டு அரியதரம்தான்."

பிறகு நேர்ஸ் பிள்ளை தொலைபேசியில சொன்னவ:
முதல் மீன், முதல் முட்டை, முதல் பருப்பு,
மெதுவாச் சப்பவேணும்,
சாப்பாட்டோட தண்ணி வேண்டாம்,
அதுக்குப் பிறகும் இடமிருந்தால்
இனிப்பைப் பற்றி யோசியுங்கோ.
இடமிராது.
அதுதான் அவவின்ர கெட்டித்தனம்.

நத்தாருக்குக் கேக் வந்தது நாலு வீட்டிலயிருந்து.
நான் அவிச்ச முட்டையோட குந்தியிருந்தன்.
கேக்கெல்லாம் எங்க போச்சுது எண்டு கேக்கேல்லை.
தை பிறக்க முதல் இவற்ர சேட்டுத் தோய்க்கேக்க
பொக்கெற்றுக்குள்ள ஈயத்தாள்,
கனடாச் சொக்கிலேற் சுத்தினது, ஏழெட்டு.
எனக்கு முன்னால தின்ன மனம் வராமல்
மனிசன் கிணத்தடியில நிண்டு
என்ர பங்கையும் சேர்த்துத் தின்றிருக்கிறார்.
காற்சட்டையில கடைசித் துளைக்கும்
பெல்ற் எட்டுதில்லை.
சிரிப்பும் வந்தது, கோவமும் வந்தது.
தாள்களை நீவி அடுக்கி,
திரும்பப் பொக்கெற்றுக்குள்ளயே வைச்சன்.

சீனியைக் கண்ணில காணாத ஒரு வருசம் இருந்தது.
தறப்பாளுக்குக் கீழ ஒரு ரொபியை
ஐஞ்சாக் கடிச்சு
ஐஞ்சு பேர் வெறுந்தேத்தண்ணி குடிச்சம்.
மற்ற நாலு பேரும் கடகடவெண்டு முடிப்பினம்.
நான் என்ர துண்டைக் கொடுப்புக்குள்ள ஒதுக்கி
கோப்பை காலியான பிறகும்
கரைய விடாமல் வைச்சிருப்பன்.
பேந்து எல்லாம் கிடைக்கத் தொடங்கினபோது
ஒதுக்கி வைக்கிறதை மறந்துபோனன்.
பதினைஞ்சு வருசமாய்
வாய் நிறைய, வாய் நிறைய.

பொங்கலண்டு விடிய
பால் பொங்கி அடுப்புக் கல்லில வடிஞ்சுது.
எல்லாருக்கும் வாழையிலை.
எனக்கு மருமகளின்ர குழந்தைக் கரண்டி,
பிடியில முயல் படம் போட்டது.
மீன் சாப்பிடாத நாள் எண்டபடியால்
முதல் பருப்பு, முதல் தயிர்.
அரை மணித்தியாலம் பொறுத்து
சர்க்கரைப் பொங்கல், ஒரு கரண்டி,
அதில ஒரு முந்திரிகைவத்தல்.
சோத்தை விழுங்கிப்போட்டு
வத்தலை மட்டும் கொடுப்புக்குள்ள ஒதுக்கினன்.
இவர் பார்த்துக்கொண்டிருந்தார்.
கேக்கேல்லை.
முத்தம் கூட்டி முடியும்வரை அது கிடந்தது.

நாளையிண்டைக்குக் கடை திறந்தாச்சு.
"ரெண்டு கிலோ, அக்கா" எண்டு ஒரு பொடியன்.
கோப்பையை இறக்கிறன், முள் ஆடி நிக்குது.
மணிக்கட்டில நாலைஞ்சு சீனி
வேர்வையில ஒட்டிக் கிடக்குது.
தட்டிவிடுறன்,
அநேகமாய்.