ஒன்றே முக்கால்

பேர்ணாம்பட்டில் இறங்கும்போது மணி பதினொன்று.
கத்திரி வெயிலுக்கு ஆறாம் நாள்.
பையில் டேப், வெப்பமானி, கால்குலேட்டர்,
காட்பாடிக் கடையின் பெயர் போட்ட கொட்டேஷன் புத்தகம்.

ஷூ அப்பர் தைக்கும் கூடம்.
அறுபதடிக்கு இருபத்தெட்டு,
தலைக்கு மேல் ஆஸ்பெஸ்டாஸ்.
மேற்கே மொட்டைப் பாறை மலை.
பகலில் வாங்கியதை ராத்திரி பத்து மணி வரை
வட்டியோடு திருப்பித் தருகிற மலை.

"பசை தடவுறதுக்குள்ள காஞ்சிடுது" என்றார் தமீம்.
"தோலுக்குத்தான் ஏசி.
இருபத்தாறு டிகிரி இருந்தா போதும்."

எழுதத் தொடங்கினேன்.
கூரைச் சூடு கிலோ கலோரியில் வந்தது.
எண்ணூற்று அறுபதால் வகுத்தால் கிலோவாட்.
மோட்டார் குதிரையில் வந்தது.
நாற்பது மெஷின், ஆளுக்கு அரைக் குதிரை;
இருபது குதிரையை எழுநூற்று நாற்பத்தாறால் பெருக்கினேன்.
ட்யூப்லைட் மட்டும் ஒழுங்காக வாட்டில் வந்தது.
ஏசி கம்பெனிக்காரன் டன்னில் பேசுவான்
(பனிக்கட்டி விற்ற காலத்துப் பேச்சு, இன்னும் விடவில்லை),
மின்வாரியம் யூனிட்டில் கேட்கும்.
எல்லாம் ஒரே சூடு.
ஊருக்கு ஒரு பெயரில் திரியும்
கடன்காரனைப் போல.

கடைசியில் ஆட்கள்.
"ஆளுங்களையுமா சேர்ப்பீங்க?"
"அவங்களும் சூடுதான் சார்."

என் அட்டவணையில் மனிதருக்கு வரிசைகள் உண்டு.
உட்கார்ந்து சும்மா செய்யும் வேலை: மணிக்கு நானூற்றைம்பது பி.டி.யு.
அதற்குக் கீழே, பட்டறையில் செய்யும் வேலை: எழுநூற்றைம்பது.
"உக்காந்துதானே இருக்காங்க" என்றார் தமீம்,
பேனா எங்கே நிற்கிறது என்று பார்த்தபடி.
நாற்பது பேருக்கு மேல்வரிசையில் ஒன்றரை டன்.
கீழ்வரிசையில் இரண்டரை.
சரியாக ஒரு டன் வித்தியாசம்.
ஒரு டன்னுக்கு என்ன விலை என்று அவருக்குத் தெரியும்.

மூன்றாவது மெஷினிலிருந்து ஜைபுன்னிசா
காலை எடுக்காமலே கேட்டாள்:
"நான் எவ்ளோ சார்?"

மூன்று புள்ளி நாலு ஒன்று இரண்டால் வகுத்தேன்.
"சும்மா உட்கார்ந்தா நூற்று முப்பத்திரண்டு வாட்.
தைச்சா இருநூற்று இருபது."

"குண்டு பல்பா நானு!"
வரிசை முழுக்கச் சிரித்தது.
சிரிப்புக்கு அட்டவணையில் இடமில்லை.

"ஒரு ஷிப்டுக்கு?"
"எட்டு மணி நேரம்.
சும்மா இருந்தா ஒரு யூனிட்.
தைச்சா ஒன்றே முக்கால்."

ஊசி நின்றது.
"அப்போ அந்த முக்காலு யாருக்குப் போவுது?"

வெளியே போகிறது, காற்றில் கலக்கிறது,
அதை இழுத்து வெளியே தள்ளத்தான் மெஷின்:
படித்தது அப்படித்தான் வாயில் வந்தது.
சொல்வதற்குள் கரண்ட் போனது.

இருபது குதிரையும் அப்படியே படுத்துவிட்டன.
மீட்டர் நின்றது.
நாற்பது பேர் அதே இடத்தில் உட்கார்ந்து
துப்பட்டா முனையால், முந்தானையால், அட்டையால் விசிறினார்கள்.
கையிலிருந்த வெப்பமானி முப்பத்தொன்பதைத் தாண்டி
மெல்ல ஏறிக்கொண்டிருந்தது.
எந்த மீட்டரிலும் ஓடாத கரண்ட்.

கீழ்வரிசையில்தான் டிக் போட்டேன்.

தமீம் ஒரு டன்னைக் குறைத்து
குடியாத்தத்தில் வேறு கடையில் வாங்கினார்.
அது அவர் காசு.

ஜூன் கடைசியில் போன்.
ஏசி ஓய்வே எடுப்பதில்லையாம்,
பில் இரட்டிப்பாம்,
பசை மறுபடி தூரிகையிலேயே காய்கிறதாம்.
"உங்க கணக்கைப் பார்த்துத்தான் எல்லாம் செஞ்சேன்.
எங்கயோ ஒரு டன் உதைக்குதே?"

பின்னால் மெஷின்களின் சத்தம் கேட்டது.

"உதைக்கலை சார்" என்றேன்.
"தைச்சிட்டிருக்கு."