மேசை ஆடவில்லை

படத்தில் முடி இருந்தது.
மார்க்கம் ரோட்டுக் கோப்பிக்கடையில்
துவாரகன் தொப்பியைக் கழற்ற
கூரை விளக்கு உச்சியில் வந்து குந்தியது.
"நான் பொய் சொல்லேல்லை,
முடிதான் சொல்லாமல் போயிட்டுது."

சிரிப்பை விழுங்கினேன்.
என் படத்திலும்
தாடைத் தழும்பு வெட்டுப்பட்டிருந்தது.

பக்கத்து மேசையில் ஒரு பிள்ளை
பாலைக் கொட்டியது.
தாய் ஏச வாயெடுக்க
இவர் தன் கோப்பியையும் சரித்துவிட்டு
"இந்தக் கடை மேசையெல்லாம் ஆடுது, அக்கா" என்றார்.
தொப்பியாலேயே துடைத்தார்.

மேசை ஆடவில்லை.
நான் கைவைத்துப் பார்த்தேன்.

வீட்டில் தங்கச்சி கேட்டாள்: "ஆள் எப்படி?"
வழுக்கை, என்றேன்.
மறைக்க என்ன இருக்கிறது.
பல்கூட ஒன்று முன்னுக்கு.

ஜன்னலுக்கு வெளியே மைனஸ் இருபது.
நனைந்த தொப்பி.
இவ்வளவுக்கும்
அவருக்கு பஸ் வந்திருக்குமோ.