பன்னிரண்டு வோல்ட்

சாவிக்குள் ஒளித்திருந்த சின்னச் சாவியால்தான்
கதவு திறந்தது.
பின்மூடி திறக்க மின்சாரம் வேண்டும்;
மின்சாரமோ
பின்மூடிக்கு உள்ளே.

கல்முனைத் தபால் கந்தோருக்கு முன்னால், மே வெயிலில்,
நிப்றாஸ் பின் இருக்கையை மடித்துத்
தலையைக் கொடுத்து நுழைந்தான்.
வெளியே அவன் செருப்பு மட்டும்.
"பெரிய பெட்டரி முழு சார்ஜோட கிடக்கு மிஸ்.
இந்தச் சின்னன் செத்தா
அதுவும் எழும்பாது."

பத்தாம் நம்பர் ஸ்பேனர் கேட்டான், கொடுத்தேன்.
கறுப்பு வயரைக் கழற்றுமுன்
உள்ளிருந்தே குரல்:
"மெமறி அழிஞ்சி போயிரும். பறவாயில்லியா?"

மூன்றாம் பொத்தானில்
நீ பதிந்துவிட்டுப் போன வானொலி ஒன்று.
நான் அதை அமத்துவதில்லை.
மாற்றியதும் இல்லை.

"கழட்டுங்க" என்றேன்.

வியர்வை வழிய வெளியே வந்து விலை சொன்னான்.
அந்த விலைக்கு நானும் வியர்த்தேன்.

மணிக்கூடு ஒரு மணி என்கிறது.
நேரம் நாலரை.
காரைதீவு தாண்டும் வரை திருத்தவில்லை.
மாவடிப்பள்ளித் தாம்போதியில்,
இரண்டு பக்கமும் வயல்,
மூன்றை அமத்திப் பார்த்தேன்.

வெறும் இரைச்சல்.
சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினேன்.