ஜெராக்ஸ் இரண்டு ரூபாய்

தேவகோட்டைத் தாலுகா ஆபீசுக்கு எதிரே
என் கடை. மெஷின் பழசு.
கரண்ட் பில்லுக்குப் பயந்து
ஆள் இல்லாதபோது அணைத்துவிடுவேன்.
மறுபடி சூடேற நாற்பது நொடி.
அதுவரை எதிரில் நிற்கிறவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு
எப்படிச் சும்மா இருப்பது?

"பர்த் சர்ட்டிபிகேட்டை லேமினேஷன் பண்ணாதீங்க,
சீலைத் தடவிப் பார்க்கணும்பாங்க."
"அரிசியைப் புதுவயல் மில்லுக்கே போய் எடுங்க,
மூட்டைக்கு எண்பது ரூபா கையில நிக்கும்."
"பிள்ளைக்கு எதுக்கு மூணு இனிஷியல்?
பாரத்துல கட்டம் பத்தாது."

காப்பி இரண்டு ரூபாய்.
இதெல்லாம் இலவசம்.

மகனுக்குப் பாஸ்போர்ட் எடுக்க வந்த
உமையாள் ஆச்சியிடம்
ரெட்டைக் கதவு ஃபிரிட்ஜ் வேண்டாம் என்றேன்.
"நான் கேக்கவே இல்லையே."
"கையில நோட்டீஸ் வச்சிருக்கீங்களே."
ஒற்றைக் கதவுதான் வாங்கினார்களாம்.
மறுமாதம் வந்து, ஐஸ் மலையாய்க் கட்டுகிறதென்று
அரைமணி நேரம் நின்று திட்டிவிட்டு,
வாஷிங் மெஷினில் எது தேவலை என்று கேட்டார்கள்.

பங்குனியில் ஒரு மத்தியானம்
ஒருத்தி வந்தாள். முப்பது இருக்கும்.
ஏழு தாள்.
தலைகீழாகப் படிப்பது இந்தத் தொழிலில் தானாக வரும்:
காவல் நிலைய முகவரி,
நாலு வரிக்கு ஒரு தடவை 'என் கணவர்'.
மெஷின் சூடேறிக்கொண்டிருந்தது.
"கொஞ்சம் பொறுத்துப் பாருங்களேன்" என்றேன்,
பருப்பு வேகவில்லை என்கிறவளிடம் சொல்கிற
அதே குரலில்.

அவள் பதினாலு ரூபாயைச் சில்லறையாய் எண்ணினாள்.
எண்ணினதை மறுபடி எண்ணி வைத்தாள்.
போனாள்.

மூடியைத் தூக்கினால் கண்ணாடி மேல்
ஏழாவது தாள்.
அரசு ஆஸ்பத்திரிச் சீட்டு.
இடது மணிக்கட்டில் பழைய முறிவு ஒன்று,
புதுசு ஒன்று.
இரண்டுக்கும் நடுவே நாலு வருஷம்.

கடையைத் திறந்தது திறந்தபடி போட்டுவிட்டு
பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன்.
காளையார்கோவில் வண்டி
வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது.

அதற்கப்புறம் நாற்பது நொடியும் பேசாமல் நின்றேன்.
மெஷின் இவ்வளவு இரைகிறதென்று
அப்போதுதான் தெரிந்தது.
வருகிறவர்களுக்குத் தாங்கவில்லை.
"சுகர் பார்த்தீங்களா?" என்றார் தலையாரி சேவுகன்.
"வெறும் வயித்துல வெந்தயம்."
"தைராய்டா இருக்கும், என் நாத்தனாளுக்கு இப்படித்தான்
திடீர்னு வாயடைச்சுப் போச்சு."
பட்டா மாற்ற வந்த ஒருவர்
வெளியே போய் வாசலைப் பார்த்துவிட்டு வந்து
தெற்கு என்றார், வருத்தமாக.

பன்னிரண்டாம் நாள் அவள் வந்தாள்.
பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்த தாளை நீட்டினேன்.
மன்னிப்புக் கேட்க ஒரு வாக்கியம் தயாராக இருந்தது.
அதுவும் அறிவுரை மாதிரியே ஆரம்பித்ததால்
விழுங்கிவிட்டேன்.

"இதுல மூணு காப்பி."

சுவிட்சைப் போட்டேன்.
அவள் என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தாள்.
கட்டுப் போட்ட கையால் காட்டினாள்.
"அந்தப் பிளக்கு கறுத்திருக்கு. மாத்திருங்க.
இதெல்லாம் பொறுத்துப் பார்க்கிற விஷயமில்ல."

காசு வேண்டாம் என்றேன்.
ஆறு ரூபாய் வைத்துவிட்டுத்தான் போனாள்.

சாயங்காலம் எலக்ட்ரீஷியன் அடைக்கலம் கழற்றிப் பார்த்தான்.
உள்ளே வயர் உருகி ஒட்டிக் கிடந்தது.
"யாருக்கா கவனிச்சது?"
பேர் தெரியும். சொல்லவில்லை.
"தெரிஞ்சவங்க" என்றேன்.

ஹெல்மெட்டைக் கைப்பிடியில் தொங்கவிட்டு
வண்டியை உதைத்தான்.
மெஷின் அணைந்துதான் இருந்தது,
நாற்பது நொடி என்று எதுவும் இல்லை.
ஆனாலும்
"தம்பி" என்றேன்,
"அது தலைக்கு."